கொடுமுடிக்கு அடுத்த பதிகம்

வணக்கம் ஐயா,

பெருந்துறைப் பக்கம் இருக்கிறேன். கொங்கு நாட்டில் தேவாரத் தலங்கள் ஏழு என்கிறார்கள். கச்சேரியிலும் சரி, கோயிலிலும் சரி, கொடுமுடியின் ‘மற்றுப் பற்றெனக்கின்றி’தான் அடிக்கடி காதில் விழுகிறது. அவிநாசிப் பதிகம் எப்போதாவது. மற்றவை பாட வாகாக இல்லையா? வர்ணம் வரை பாட்டுப் படித்திருக்கிறேன். புதிதாக ஒன்று எடுப்பதென்றால் எதை எடுக்கலாமுங்க?

அன்புள்ள வாசகருக்கு,

முருகன்பூண்டிப் பதிகத்தை எடுங்கள். ஏழாம் திருமுறையில் கொடுமுடிப் பதிகம் 48, அதற்கு அடுத்ததே பூண்டி, 49. இரண்டும் சுந்தரர் பாடியவை. பண்ணும் ஒன்றே, பழம்பஞ்சுரம். ஓதுவார்கள் இதைச் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். ஆகவே ராகம் உங்களுக்குப் புதிதில்லை.

சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு திருவாரூர் திரும்பும் வழியில், அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள இந்த ஊரில், வேடர் வடிவில் வந்த பூதகணங்கள் சுந்தரரைக் கொள்ளையடித்தன என்பது பெரியபுராணம். பதிகம் முழுக்க அந்த வழிப்பறிதான். வில்லைக் காட்டி வெருட்டுகிறார்கள், கல்லால் எறிகிறார்கள், உடுத்த துணியைப் பறிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ‘எத்துக்கு இங்கிருந்தீர்’ என்று சிவனையே நிற்க வைத்துக் கேட்கிறார் சுந்தரர். கச்சேரியின் கடைசியில் மனம் உருகி முடிக்க நினைப்பவர்கள் இதைத் தொடாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தேவாரத்தில் இவ்வளவு உரிமையோடு சண்டை போடும் பாட்டு அபூர்வம். பாடாமல் விடுவது பெரிய இழப்பு.

இரண்டின் நடையையும் தட்டிப் பாருங்கள். ‘மற்றுப் / பற்றெனக் / கின்றி / நின்திருப்’: மூன்று, நான்கு, மூன்று, நான்கு. ‘கொடுகு / வெஞ்சிலை / வடுக / வேடுவர்’ என்பதிலும் அதே கணக்கு. இரண்டும் மிஸ்ர சாபுவில், அதாவது மூன்றும் நான்குமாக ஏழு அட்சரம் (எண்ணிக்கை) வரும் தாளத்தில், தானாக உட்காரும். கொடுமுடிப் பாட்டைத் தகிட தகதிமி என்று தட்டிக்கொண்டே பாடிவிட்டு, தாளத்தை நிறுத்தாமல் பூண்டிக்கு மாறுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

சிக்கல் வருவது நான்காவது ஆவர்த்தனத்தில், அதாவது அந்த ஏழின் நான்காவது சுற்றில். கொடுமுடியில் அந்த இடத்தை ‘பாவித்தேன்’ என்ற சொல் நிரப்பிவிடுகிறது. பூண்டியில் ‘விரவ லாமைசொல்’ மூன்றாம் ஆவர்த்தனத்தோடு முடிய, நான்காவதுக்கு ‘லி’ என்ற ஓர் எழுத்துதான் மிஞ்சும். அடுத்த வரியிலும் ‘ஆறலைக்குமிடம்’ என்பதன் ‘டம்’ அப்படியே. ஏழு அட்சரமும் அங்கே கார்வை கொடுத்து, அதாவது சுரத்தை நீட்டிப் பிடித்து, நிற்க வேண்டும். புதிதாகப் பாடுகிறவர்கள் அவசரப்பட்டு அடுத்த வரியைப் பிடித்துவிடுவார்கள், தாளம் போய்விடும். கையை மட்டும் நம்பாமல், முதலில் அந்த ஏழையும் வாய்விட்டு எண்ணிப் பழகுங்கள்.

இன்னொன்று, கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. சங்கராபரணம் என்றதும் வர்ணத்தில் பழகிய அசைவுகளெல்லாம் வந்து விழும். ‘திடுகு மொட்டெனக் குத்தி’ என்ற இடத்தில் வல்லின ஒற்று ஒவ்வொன்றும் அடி விழுவதுபோல் கேட்க வேண்டும். அசைத்தால் குழைந்துவிடும். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாட வேண்டாம், வரிக்கு ஒரு சங்கதி போதும். தாளத்துக்கு வருவதற்கு முன் பதிகத்தைச் சுத்தாங்கமாக, அதாவது தாளமில்லாமல், பொருள் பிரித்துப் பாடிக்கொள்ளுங்கள். தாளத்தோடு பாடும் பண்ணாங்கம் அதற்குப் பிறகுதான்.

அவிநாசியின் ‘எற்றான் மறக்கேன்’ (7ஆம் திருமுறை, 92) குறிஞ்சிப் பண், பாடுவது அரிகாம்போதியில். சங்கராபரணத்திலிருந்து மாறுவது நிஷாதம் (நி) ஒன்றுதான்: உயர்ந்த நிஷாதமான காகலி போய், அதைவிடத் தாழ்ந்த கைசிகி. பூண்டியைப் பாடிய கையோடு அவிநாசிக்குப் போனால் காகலி ஒட்டிக்கொண்டே வரும். நடுவில் சுருதியை மட்டும் கேட்டுச் சற்று இருந்து, சநிதப என்று நான்கைந்து முறை இறங்கிவிட்டுத் தொடங்குங்கள். முதலை விழுங்கிய பிள்ளையைக் கேட்கும் ‘கரைக்கால் முதலையை’ அந்தப் பதிகத்தின் நான்காம் பாட்டு. அதை முதல் பாட்டாக எடுத்துப் பாடுவது எனக்குச் சம்மதமில்லை. முன்னுள்ள மூன்றையும் பாடி வந்தால்தான் பிள்ளையைத் தரச் சொல்லும் அந்த ஆணைக்கு உரிய குரல் கிடைக்கும்.

திருச்செங்கோட்டில் சம்பந்தர் பாடிய ‘அவ்வினைக்கு இவ்வினை’ (முதல் திருமுறை, 116) வியாழக்குறிஞ்சி, சௌராஷ்டிரத்தில் பாடுவது. உடன் வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தபோது பாடியது என்பார்கள். இதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பவானி, கருவூர், வெஞ்சமாக்கூடல் பதிகங்களுக்கு அதன் பின் போகலாம்.