ஊர் திட்டும் லோகோ: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் போட்டி நடத்தும் மன்றங்களிலிருந்து வந்தவை. எல்லாம் லோகோவைப் பற்றியவை. வடிவமைப்பும் அச்சும் தொழிலாகக் கொண்டவர்கள் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் மன்றத்தின் வெள்ளிவிழாக் கால்பந்துப் போட்டிக்கு லோகோ வெளியிட்டோம். இரண்டே நாளில் ஊர் வாட்ஸ்அப் குழு முழுக்கத் திட்டு. "லண்டன் ஒலிம்பிக் லோகோவுக்கும் இதே கதிதான், மாற்றவா செய்தார்கள்? பேசாமல் இருங்கள்" என்கிறார் தலைவர். அவர் சொல்வது சரியா?
– வாசகர், மார்த்தாண்டம்

பாதி சரி. லண்டன் 2012 லோகோ 2007 ஜூன் 4 அன்று வெளியானது. வோல்ஃப் ஓலின்ஸ் நிறுவனம் செய்தது. செலவு 4 லட்சம் பவுண்டு. 2, 0, 1, 2 என்ற எண்களை உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி கோணல் கோணலாக அடுக்கி, கண்ணைப் பறிக்கும் ரோஸிலும் ஆரஞ்சிலும் பச்சையிலும் நீலத்திலும் விட்டிருந்தார்கள். அதைக் கைவிடச் சொல்லி இணையத்தில் ஓடிய மனுவில் இரண்டு மூன்று நாளில் 48,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். செபாஸ்டியன் கோ தலைமையிலான அமைப்புக் குழு அசையவில்லை. 2012இல் போட்டி முடியும்வரை அதே லோகோதான்.

உங்கள் தலைவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி ஒன்று உண்டு. லோகோவோடு ஒரு அசையும் விளம்பரப் படமும் வந்தது. அதில் ஒருவர் நீச்சல் குளத்தில் பாய, பல நிற அலைகள் பளிச் பளிச்சென்று விரியும் ஒரு துண்டு. அதைப் பார்த்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்ததாக வலிப்பு நோயாளிகளுக்கான தொண்டு அமைப்பு புகார் சொன்னதும், அந்தத் துண்டை உடனே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 'அசிங்கம்' என்ற கூச்சலுக்கு அசையாதவர்கள், 'ஆபத்து' என்ற சொல்லுக்கு உடனே அசைந்தார்கள். அது சரியான செயல்.

ஆகவே வாட்ஸ்அப்பில் வந்ததை ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். 'கேவலம்', 'குழந்தை கிறுக்கியது போல' என்பதெல்லாம் ஒரு பக்கம். அதைப் பத்து நாள் அப்படியே விடுங்கள். புது லோகோ எதற்கும் முதல் வாரம் இதுதான் கிடைக்கும். 'வேறொருவருடையதை எடுத்திருக்கிறீர்கள்' என்பது இரண்டாம் பக்கம். ஒரு வாரத்துக்குள் ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும். ஒரு சமயத்தையோ சாதியையோ புண்படுத்துகிறது, உடலுக்குக் கெடுதல் என்பது மூன்றாம் பக்கம். அன்றே கூடிப் பேச வேண்டியது. மூன்றையும் ஒன்றாகக் கட்டி 'பொறாமை பிடித்தவர்கள்' என்று ஒதுக்குவதில்தான் மன்றங்கள் சறுக்குகின்றன.

பதிலை ஒருவரே, ஒரே தடவை எழுதட்டும். வரைந்தது யார், என்ன கொடுத்தோம், யார் தேர்ந்தெடுத்தது, என்ன பொருள்: இந்த நான்கும் நான்கு வரியில் போதும். பொருள் விளக்கத்தை ஒரு பக்கத்துக்கு நீட்டினால் கேலி கூடத்தான் செய்யும். தொகையை மறைக்கவே மறைக்காதீர்கள். பணம் ஊர் வசூலில் வந்தது. கணக்குக் கேட்பது நியாயம்.

போட்டி மைதானத்தில் எல்இடி திரை வைக்கிறோம். லோகோவை மின்ன விடலாமா?
– வாசகர், கொல்லங்கோடு

ஒரு நொடியில் மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது. ஒன்றோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. அடர்ந்த சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுவதை முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 தடவை மின்னிய காட்சியைப் பார்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். இருட்டில் பெரிய திரையைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது ஆபத்து கூடும். முன்வரிசையில் உட்காருவது குழந்தைகள்தான். லோகோ மெல்லத் தோன்றி மெல்ல மறையும்படி வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டி லோகோ கோழிக்கோட்டில் ஒரு கிளப்பின் லோகோ மாதிரியே இருக்கிறது என்று ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டுவிட்டார். வரைந்த பையன் சத்தியம் செய்கிறான், பார்த்ததே இல்லை என்று.
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பையன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் லோகோ நிற்காமல் போகலாம். டோக்கியோ 2020 ஒலிம்பிக் லோகோவுக்கு நடந்தது அதுதான். 2015 ஜூலை 24 அன்று கென்ஜிரோ சானோ வரைந்த சின்னம் வெளியானது. தான் லீயேஜ் நகர நாடக அரங்குக்கு வரைந்த லோகோவைப் போலவே இருக்கிறது என்று பெல்ஜிய வடிவமைப்பாளர் ஒலிவியே தெபி கிளம்பினார். சானோ மறுத்தார். வர்த்தக முத்திரைத் தேடலையெல்லாம் அமைப்புக் குழு முன்பே முடித்திருந்தது. நாடக அரங்கின் லோகோ பதிவு செய்யப்படாதது என்பதால் அந்தத் தேடலில் அது சிக்க வழியில்லை. ஆனால் ஜப்பானிய மக்கள் சானோவின் மற்ற வேலைகளையும் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு வேறு விளம்பர வேலையில் தம் அலுவலகத்தார் பிறருடைய படங்களை எடுத்தாண்டதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. செப்டம்பர் 1 அன்று சின்னம் திரும்பப் பெறப்பட்டது. நம்பிக்கை போன பிறகு விளக்கத்துக்கு வேலை இல்லை.

உங்களுக்கு வழி இது. பையனிடம் பென்சில் கிறுக்கல் முதல் கடைசிக் கோப்பு வரை எல்லாவற்றையும் தேதியோடு வாங்குங்கள். அது இல்லை என்றால் சத்தியத்துக்கு மதிப்பில்லை. அடுத்து, லோகோவை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை நிறத்தோடு, ஒரு தடவை கறுப்பு வெள்ளையில், ஒரு தடவை எழுத்தை நீக்கிவிட்டு. மூன்றாவதில்தான் பெரும்பாலும் அகப்படும். பிறகு இந்திய வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் தேடல் பக்கம்: விளையாட்டுப் போட்டிக்கு 41ஆம் வகுப்பு, ஜெர்சிக்கு 25ஆம் வகுப்பு. பெயரை மட்டும் தேடினால் போதாது. படத்துக்கு வியன்னாக் குறியீடு என்று ஒரு எண் முறை உண்டு, பந்து, யானை, தென்னை என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதிலும் தேடுங்கள்.

ஒற்றுமை பந்தும் நெருப்பும் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். அது யாருடைய சொத்தும் இல்லை. கோட்டின் வளைவு, அடுக்கு, நிறம் மூன்றும் ஒத்துப்போனால் மாற்றிவிடுங்கள், கோழிக்கோட்டுக்காரர்களுக்கு நீங்களே முதலில் எழுதுங்கள்.

டோக்கியோ பிறகு எப்படித் தேர்ந்தெடுத்தது? நாங்கள் ஊர் வாக்கெடுப்பு வைக்கலாமா?
– வாசகர், செங்கோட்டை

போட்டியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 14,599 விண்ணப்பங்கள். அதில் நான்கை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டு, தேர்வுக் குழு 2016 ஏப்ரல் 25 அன்று அசாவோ தொகோலோவின் நீலக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. மூன்று வகைச் செவ்வகங்கள், மொத்தம் 45. கருத்து மக்களுடையது, முடிவு குழுவினுடையது என்பதைக் கவனியுங்கள்.

நேரடி வாக்கெடுப்பு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வரைந்தவனுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்பதைத்தான் அது எண்ணும். நான்கு படங்களைப் பெயர் மறைத்து டீக்கடையிலும் நூலகத்திலும் ஒரு வாரம் ஒட்டுங்கள். 'இது என்ன மாதிரி தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள். 'பிடிக்கிறதா' என்று கேட்காதீர்கள். பாரிஸ் 2024 லோகோவில் சுடரையும் பதக்கத்தையும் பிரான்ஸின் அடையாளப் பெண்ணான மரியானின் முகத்தையும் வரைந்தவர்கள் பார்த்தார்கள். பலர் பார்த்தது அழகு நிலையப் பலகையை. கேட்காமல் இது தெரியாது. தலைகீழாகவும் காட்டுங்கள்.

லண்டன் லோகோவில் 'ஸயன்' (ஜெருசலேமுக்கு யூத மரபில் வழங்கும் பெயர்) என்று எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், களியக்காவிளை

இல்லை. 2011இல் ஈரான் அப்படிப் புகார் செய்து, வரமாட்டோம் என்றும் எச்சரித்தது. அது 2012 என்ற எண்தான் என்று பதில் வந்தது. ஈரான் வீரர்கள் லண்டன் போனார்கள்.

எல்லைக்கு இரு பக்கமும் ஆட்கள் வருகிறார்கள். தமிழ் பெரிதா மலையாளம் பெரிதா என்று லோகோவிலேயே சண்டை.
– வாசகர், வண்டித்தாவளம்

சண்டைக்குக் காரணம் பாதி வேளை அளவுதான். கணினியில் இரண்டுக்கும் எழுத்தளவு 40 புள்ளி என்று வைத்தால், கண்ணுக்கு ஒன்று பெரிதாகத் தெரியும். எழுத்துருக்களின் உள்ளளவு வேறு வேறு. மலையாளம் உருண்டு பரவும், தமிழ் நிமிர்ந்து கட்டமாக நிற்கும். எண்ணை மறந்துவிட்டு, தமிழ் 'ப'வின் உயரத்தையும் மலையாளத்தின் சாதாரண எழுத்தின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து சமமாக்குங்கள். கோட்டின் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தைப் படத்துக்குள் திணிக்காமல் கீழே இரண்டு வரியாகப் போட்டால், தமிழ்நாட்டுப் பக்கத் தட்டியில் தமிழ் மேலேயும் கேரளப் பக்கத்தில் மலையாளம் மேலேயும் வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஆண்டு எண் போதும். அதை எல்லோரும் படிப்பார்கள்.

மொபைலில் அழகாக இருந்த லோகோ தட்டியிலும் ஜெர்சியிலும் கெட்டுப்போய்விட்டது. ஊர் சிரிக்கிறது. யார் தவறு?
– வாசகர், பாறசாலை

பெரும்பாலும் கோப்பின் தவறு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 10 அடிக்கு 8 அடித் தட்டி என்றால் அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்தாலே 8,640க்கு 6,912 பிக்சல் வேண்டும். கோரல் டிராவில் வரைந்த மூலக் கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எழுத்தை 'கர்வ்ஸ்' ஆக்கிய பிறகே அனுப்புங்கள், கன்ட்ரோல் க்யூ. இல்லாவிட்டால் கடைக்காரரின் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இருக்காது, கொம்பும் காலும் இடம் மாறி, ஊர்ப் பெயரே கெட்ட சொல்லாகிவிடும்.

ஜொலிக்கும் ரோஸும் கிளிப்பச்சையும் திரையின் ஒளியில் மட்டும் உண்டு. அச்சின் நான்கு மையில் அவை மங்கித்தான் வரும். ஓர் அடிக்கு ஓர் அடி மாதிரி எடுத்து வெயிலில் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கேரளப் பக்கம் பி.வி.சி. பிளக்ஸுக்கு 2019 முதல் தடை என்பதால் துணியில் அடிப்பீர்கள். துணியில் மை ஊறும், மெல்லிய கோடுகள் கரைந்துவிடும்.

ஜெர்சியில் சப்ளிமேஷன் (சூட்டால் மையைத் துணிக்குள் ஏற்றும் அச்சு) என்றால் டாட் நிட் போன்ற பாலியெஸ்டர் துணி வேண்டும், பருத்தியில் ஒட்டாது. அதில் வெள்ளை மை கிடையாது, துணியின் வெள்ளையே வெள்ளை. மஞ்சள் துணியில் வெள்ளைப் பந்து கேட்டால் மஞ்சள் பந்துதான் வரும். எம்பிராய்டரி என்றால் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு வேண்டாம். 'ஞ', 'இ', 'ணை' போன்ற சுழி எழுத்துகள் எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உள்ளே நூல் அடைத்துக் கட்டியாகிவிடும்.

அடிக்கும் முன் லோகோவை 25 மில்லிமீட்டர் ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து, ஒரே மையில் ரசீதுப் புத்தகத்தில் குத்திப் பாருங்கள். அதில் எது தெரியவில்லையோ அதை நீக்கிவிட்டு மறுபடி வரையச் சொல்லுங்கள்.