அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். 36 வயதில் நானும் கமரா போட்டுப் பார்க்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவு: இலங்கையில் கல்முனைப் பக்கம். ஆண், வயது 36, புகைப்பதில்லை. அப்பாவுக்கு 54 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு வெட்டி எடுத்திருக்கிறார்கள். அப்பாவின் தங்கை ஒருவர், அதாவது இவருக்கு மாமி, "வயிற்றில் கட்டி" வந்து நெடுநாளைக்கு முன் இறந்திருக்கிறார். இணையத்தில் கிடைத்த ஒரு மதிப்பெண் அட்டையில் போட்டுப் பார்த்தால் "நடுத்தர ஆபத்து" என்று வருகிறது. இப்போதே பரிசோதிக்க வேண்டுமா, பொறுக்கலாமா?

அப்பாவை மட்டும் வைத்துச் சொன்னால், இப்போதே ஓட வேண்டாம். 40ஐத் தாண்ட விடவும் வேண்டாம். ஆனால் மாமிக்கு வந்த அந்தக் கட்டி என்னவென்று தெரியாமல் இந்தப் பதிலை நம்பிவிடாதீர்கள்.

நான் டொக்டர் இல்லை. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். 2022இல் என் அண்ணனுக்கு 44 வயதில் இதே வருத்தம் வந்தது. அதற்குப் பிறகு கிளினிக் வாங்கில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் கீழே இருப்பது.

முதலில் அந்த 40 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் இது வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதிலிருந்து 10 கழித்து வரும் வயதிலோ, எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோபி, அதாவது ஆசன வழியாகக் கமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, தொடங்க வேண்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் அப்பாவுக்கு 54. பத்தைக் கழித்தால் 44. நாற்பதுதான் முந்தி. என் கணக்கைப் பாருங்கள்: அண்ணனுக்கு 44, பத்தைக் கழித்தால் 34. அப்போது எனக்கு 41. ஏழு வருடம் பிந்திய ஆள் நான்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் 50 என்று இருந்ததை 2021இல் 45 ஆக இறக்கினார்கள், ஐம்பதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வரத் தொடங்கிவிட்டதால். இங்கிலாந்தில் வயது வந்ததும் மலப் பரிசோதனைப் பொதி தபாலில் வீடு தேடி வரும். நம் நாட்டில் அப்படி எல்லாரையும் கூப்பிட்டுக் குடலைப் பார்க்கும் திட்டம் இல்லை. ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்துக்குப் போனால் பிரஷர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், நிறை நிறுப்பார்கள். ஆகவே இந்தக் கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

நீங்கள் போட்ட அட்டை ஆசிய பசிபிக் மதிப்பெண் என்று நினைக்கிறேன். வயது 50க்குக் கீழ் என்றால் 0, 50 முதல் 69 வரை 2, அதற்கு மேல் 3. ஆண் என்றால் 1. பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால் 2. புகைப்பவருக்கும் முன்பு புகைத்தவருக்கும் 1. உங்களுக்குக் கூட்டினால் 3, அதாவது நடுத்தரம். நாலும் அதற்கு மேலும் என்றால் அதிகம். அட்டையைக் குறை சொல்லவில்லை. வரிசை நீளமாக இருக்கும் இடத்தில் முதலில் யாரை அனுப்புவது என்று பிரிக்க அது நல்ல கருவி. ஆனால் அது "எந்த வயதில் வந்தது?" என்று கேட்பதில்லை. அப்பாவுக்கு 80இல் வந்தாலும் 2, 40இல் வந்தாலும் 2. மாமி, பெரியப்பா அதன் கண்ணில் படவே மாட்டார்கள். 2022இல் நான் போட்டிருந்தால் எனக்கும் அதே 3தான் வந்திருக்கும். அந்த நேரத்தில் என் குடலுக்குள் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அண்ணனின் கதை இது. படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறவர், மூட்டை தூக்கினால் இளைஞனைப் போல நடப்பார். 2021 அறுவடைக் காலத்தில் வரம்பில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது என்றார். இரத்தம் சோதித்தார்கள், ஹீமோகுளோபின் 8, மிகக் குறைவு. பூச்சிக் குளிசையும் அயன் குளிசையும் கொடுத்து அனுப்பினார்கள். எங்கே என்று சொல்லமாட்டேன், அதனால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. குளிசை போட்டால் கொஞ்சம் ஏறும், விட்டால் இறங்கும். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அயன் குளிசை குடித்தால் மலம் கறுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் மலத்தின் நிறத்தை வைத்தும் யாரும் சந்தேகப்படவில்லை. வீட்டில் "உடம்புச் சூடு" என்று வெந்தயமும் தயிரும் கொடுத்தோம்.

கடைசியில் புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் கேட்டார்: "பொம்பிளைகளுக்கு மாசா மாசம் போகுது, சரி. இவருக்கு எங்கயால போகுது?" அந்த ஒரு கேள்விக்குத்தான் அவ்வளவு காலம். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால் குடலில் எங்கோ ஒழுகுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அண்ணனுக்குக் கட்டி வலது பக்கம், சிறுகுடல் வந்து சேரும் இடத்துக்குக் கிட்ட. அங்கே கசியும் இரத்தம் மலத்தோடு கலந்து வெளியே வருவதற்குள் நிறம் மாறிவிடும். சிவப்பாக வந்தால்தானே மனிதன் பயப்படுவான்?

ஒப்பரேஷன் முடிந்து கிளினிக்கில் டொக்டர் கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று. நான் சட்டென்று "இல்லை" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த "இல்லை" உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு அப்பாவின் சின்னம்மாவிடம் போனேன். எங்களுக்குப் பெத்தா முறை. எண்பதைத் தாண்டியும் ஞாபகம் கத்தி மாதிரி. ஆனால் வருடக் கணக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. அப்புறம்தான் புரிந்தது, அவவுக்கு வேறு நாட்காட்டி இருக்கிறது: 57 வெள்ளம், 78 சூறாவளி, பிரச்சினை (போரை அப்படித்தான் சொல்வா), சுனாமி.

"பெரியப்பாவா? அவன் வெள்ளத்துக்கு அரிவரி படிச்சவன் மனே. சுனாமிக்கு ரெண்டு வருசம் முந்திப் படுத்தவன், மறுகா எழும்பல்ல."

வெள்ளத்தில் அரிவரி என்றால் ஐந்து வயது. சுனாமிக்கு இரண்டு வருடம் முந்தி என்றால் 2002. ஆக 50. பெரியப்பாவுக்கு "மூலம்" என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். "என்ன மூலம் பெத்தா?" என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "வயித்துல பையொண்டு வச்சு அதுலதானே போனவன்" என்றா. மூலத்துக்கு வயிற்றில் பை வைப்பதில்லை. குடலை வெட்டினால்தான் மலம் போக அப்படி வைப்பார்கள்.

என் மாமி, அப்பாவின் தங்கை, வெள்ளத்தோடு பிறந்த பிள்ளை. சுனாமி முடிந்து மூன்றாம் வருடம் இறந்தா. ஆக அவவுக்கும் 50க்குக் கிட்ட. கர்ப்பப்பையில் புற்றுநோய். அதைச் சொல்லும்போது பெத்தா குரலைத் தாழ்த்தினா, பதினைந்து வருடம் கழித்தும்.

கொப்பியில் ஆளுக்கொரு வட்டம் போட்டுக் குடும்ப மரம் வரைந்திருந்தேன். அப்பாவின் வட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அப்பா 1990இல், 36 வயதில் போனவர். எப்படி என்று எழுத மனம் வரவில்லை; எங்கள் பக்கத்தவர்களுக்கு அந்த வருடமே போதும். அடுத்த கிளினிக்கில் டொக்டர் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அப்பாவுக்கு வரயில்ல எண்டு நினைக்காதீங்க. வாற வயசுக்கு அவர் இருக்கயில்ல" என்றார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை வீட்டில் இப்படி வட்டங்கள் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். போரும் கடலும் கொண்டுபோனவர்களுக்கு என்ன வருத்தம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

குடலும் கர்ப்பப்பையும் ஒரே குடும்பத்தில், ஐம்பதை ஒட்டி. இது லிஞ்ச் சின்ட்ரோமாக இருக்கலாம் என்றார். செல் பிரியும்போது டிஎன்ஏயில் எழுத்துப்பிழைகள் விழும். அவற்றைத் திருத்த என்றே சில மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். எங்கள் சங்கத்தில் கணக்குச் சரிபார்க்கிறவர் ஒரு வருடம் லீவில் போனால் என்ன ஆகுமோ அதேதான். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சாதாரணமாக ஒரு பொலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை, புற்றுநோயாக மாறப் பத்து வருடம்போல எடுக்கும். லிஞ்சில் ஓரிரு வருடத்திலேயே மாறிவிடலாம். அதனால் அப்படிப்பட்ட குடும்பங்களில் 20–25 வயதிலேயே தொடங்கி, வருடத்துக்கு அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கமரா.

அண்ணனிடமிருந்து வெட்டிய கட்டியின் துண்டு மெழுகுக் கட்டியில் பத்திரமாக இருந்தது. அதைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தோம். பிழை திருத்தும் நாலு புரதங்களில் இரண்டு, எம்எஸ்எச்2 உம் எம்எஸ்எச்6 உம், அதில் இல்லை. சந்தேகம் பலமாகிவிட்டது.

சரி, என் கமரா. மூன்று நாளைக்குக் கீரை இல்லை, விதையுள்ள பழம் இல்லை, சிவப்பு நிறச் சர்பத் இல்லை (உள்ளே இரத்தம் மாதிரித் தெரியுமாம்). வெள்ளைச் சோறு, பாண், சூப். முதல் நாள் பின்னேரம் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கிளாஸ் கிளாஸாகக் குடிக்க வேண்டும். உப்புக் கரிக்கிற வழுவழுப்பான தண்ணீர். முழு வேலையிலும் இதுதான் கஷ்டம், கமரா இல்லை. இரவு முழுக்கக் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடை. விடியும்போது போவது இளநீர் மாதிரித் தெளிய வேண்டும். தெளியாமல் போனால் சின்னப் பொலிப்புகள் மறைந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து. அடுத்த நாள் ஊசி போட்டார்கள், அரைத் தூக்கம், ஸ்கிரீனில் ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம். வலது பக்கத்தில் 6 மில்லிமீற்றரில் ஒரு பொலிப், பச்சைப் பயறளவு. கம்பிச் சுருக்கை மாட்டி இழுத்து எடுத்தார்கள். ஒரு வலியும் இல்லை. ஆய்வு அறிக்கையில் அடினோமா, புற்றுநோயாக மாறக்கூடிய இனம். "நடுத்தர ஆபத்து" என்று அட்டை சொல்லியிருக்கும் ஆளின் குடலில்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. பத்தாயிரம் பேரில் மூன்று நாலு பேருக்குக் குடலில் துளை விழலாம். பொலிப் எடுத்த இடத்தில் இரத்தம் வருவது அதைவிட அதிகம். இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எடுக்கிறவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கருத்துப் பகுதியில் ஒருவர், மலப் பரிசோதனை போதாதா என்று கேட்டிருந்தார். குடும்ப வரலாறோ அறிகுறியோ இல்லாதவருக்கு அது நல்ல வழிதான். புதிய முறை மனித இரத்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும், ஆதலால் முதல் நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டாலும் குழப்பம் இல்லை. ஆனால் வருடாவருடம் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு தடவையில் புற்றுநோயில் நாலில் மூன்றைத்தான் பிடிக்கும். பொலிப்புகளை அதைவிடக் குறைவாக. இரத்தம் போகிறவர், மலம் கழிக்கும் பழக்கம் மாறியவர், காரணமில்லாமல் மெலிகிறவர் இதைச் செய்து "இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. அவர்களுக்குக் கமராதான்.

பெரியப்பாவின் மகனுக்கு, செங்கலடியில் இருக்கிற மூத்த அண்ணனுக்கு, கோல் எடுத்துச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். "குமர்ப்பிள்ளைய வச்சிருக்கிறன், நீ இல்லாத வருத்தத்தப் பரம்பரைக்கே எழுதி வைக்கிறாய்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். "மூலம்", "வயிற்றுக் கட்டி" என்ற சொற்களெல்லாம் பிறந்ததே, பிள்ளைகளின் கல்யாணம் தடைப்படுமோ என்ற அந்தப் பயத்தில்தான். ஆறு மாதம் கழித்து அவராகவே கேட்டார், அந்தத் தூளை எங்கே வாங்கலாம் என்று. இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருப்பதால், பெரியப்பாவின் காலத்தைப் போல எல்லாவற்றுக்கும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை என்பதையும் சொன்னேன்.

இனி உங்கள் மாமி. "வயிற்றில் கட்டி" என்பது குடலாக இருக்கலாம், கர்ப்பப்பை, சூலகம், இரைப்பையாகவும் இருக்கலாம். புற்றுநோயே இல்லாமலும் இருக்கலாம். குடல் இல்லை என்று தெரிந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள், லிஞ்ச் உள்ளவர்களுக்கு அந்த நாலு இடத்திலும் புற்றுநோய் வரலாம். 50க்கு முன், குடலோ கர்ப்பப்பையோ என்று தெரியவந்தால் நான் மேலே சொன்ன 40ஐ மறந்துவிட்டு இந்த மாதமே டொக்டரிடம் போங்கள். அப்பாவிடம் இரண்டு கேள்வி: கட்டி வலது பக்கமா, இடது பக்கமா? வெட்டிய துண்டில் அந்த நாலு புரதத்தையும் பார்த்தார்களா? டிஸ்சார்ஜ் துண்டிலும் ஆய்வு அறிக்கையிலும் இருக்கும், போட்டோ எடுத்து வையுங்கள்.

மாமியின் பிள்ளைகளிடம் முதலில் கேட்காதீர்கள், அவர்களுக்கும் "கட்டி" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவவை வைத்தியசாலைக்கு வானில் கூட்டிக்கொண்டு போனவர், பக்கத்தில் நின்று பார்த்த ஒரு பெரியவ, யாராவது இருப்பா. சுனாமிக்கு முந்தியா, பிந்தியா என்பதிலிருந்து தொடங்குங்கள்.