வேகத்தை விடுங்கள், முதலில் அந்த இரண்டு வளைவுகள்

கேள்வி: மவுன்டன் பைக் (மலை, மண் பாதைகளில் மிதித்து ஓட்டும் சைக்கிள்) ஓட்ட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. திறமை, உடல் தெம்பு இரண்டையும் வளர்க்கலாம் என்று மாதம் இத்தனை கிலோமீட்டர், இறக்கத்தில் இத்தனை வேகம், இரண்டு சக்கரத்தையும் தூக்கித் தாவுவது, வருடக் கடைசியில் ஒரு போட்டி என்று பட்டியல் போட்டேன். மூன்று மாதத்தில் எல்லாமே பாதியில் நிற்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் பட்டியலில் பாதி உங்கள் கையில் இல்லாத விஷயங்கள். இறக்கத்தில் என்ன வேகம் வரும் என்பதை மண் ஈரமாக இருக்கிறதா, காய்ந்து மேலே சரளை கிடக்கிறதா, எதிரே யாராவது நடந்து வருகிறார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். போட்டியில் எத்தனையாவது இடம் என்பது அன்றைக்கு யார் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கிலோமீட்டர் கணக்கும் மண் பாதையில் ஏமாற்றிவிடும். தார் சாலையில் ஒரு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் போகிறவர், கல்லும் வேருமான ஏற்றத்தில் அதே நேரத்தில் 8 கிலோமீட்டர் தாண்டத் திணறலாம், ஆனால் உடம்பு அதிகம் உழைப்பது இரண்டாவதில்தான். அதனால் ஓட்டிய நேரத்தையும் ஏறிய உயரத்தையும் எழுதி வையுங்கள், தூரம் தானாக வரும்.

திறமையில் ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்தாறு வாரம் அதிலேயே இருங்கள். ‘வளைவை நன்றாக எடுக்க வேண்டும்’ என்பது ஆசை. இலக்கு என்றால் வீட்டுக்குத் திரும்பியதும் நடந்ததா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும். உதாரணமாக, வழக்கமாகப் போகும் பாதையில் இரண்டு வளைவுகளைத் தேர்ந்தெடுத்து, ‘நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே பிரேக்கைத் தொடாமல், கால் ஊன்றாமல், பத்துக்கு எட்டு முறை வெளியே வருவேன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓரளவுதான், அதை பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் குறைவாகவே இருக்கும், சக்கரம் வழுக்குவது அங்கேதான். கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும், வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், உடம்பை அதிகம் சாய்க்காமல் சைக்கிளை உங்களுக்குக் கீழே சாய்த்து ஓட்டுங்கள்.

தாவுவது எப்போதும் நன்றாக இருக்கும், ஆனால் அது பல திறமைகள் ஒன்றாகச் சேர்ந்தது. பெடல் இரண்டும் சமமாக இருக்க, முழங்காலும் முழங்கையும் மடங்கி, எடை முழுக்கப் பாதத்தில் இறங்கி நிற்கும் நிலை முதலில் பழக வேண்டும். அப்புறம் நடை வேகத்தில் சமநிலை, அப்புறம் முன் சக்கரத்தைத் தூக்குவது, பின் சக்கரத்தைத் தனியாகத் தூக்குவது, கடைசியில்தான் இரண்டும் சேர்ந்து வரும். பட்டியலில் ஒரு வரியாக எழுதியது பல மாத வேலை, பாதியில் நிற்காமல் என்ன செய்யும்?

இன்னொன்றை அழுத்தமாகவே சொல்கிறேன். பயிற்சியை ஓட்டத்தின் தொடக்கத்தில் செய்யுங்கள், சும்மா பத்து நிமிடம் மிதித்து உடம்பு சூடானதும் ஒரு கால் மணி நேரம் போதும். நிறைய பேர் எல்லாம் முடிந்து களைத்துப்போன பிறகு ‘சரி, கொஞ்சம் பழகலாம்’ என்று இறங்குகிறார்கள், அந்த நேரத்தில் உடம்பு கற்றுக்கொள்வது தப்பான பழக்கத்தைத்தான், விழுவதும் அப்போதுதான் அதிகம். முடிந்தால் நண்பரிடம் போனைக் கொடுத்துப் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நன்றாகக் குனிந்துதான் இருக்கிறோம் என்று நினைத்திருப்போம், வீடியோவில் முதுகு விறைப்பாக நேரே நிற்கும்.

கேள்வி: இறக்கம் பரவாயில்லை, ஏற்றத்தில்தான் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளுகிறேன். வாரத்தில் மூன்று நாள்தான் நேரம் கிடைக்கிறது. என்ன இலக்கு வைக்கலாம்?

பதில்: மூன்று நாள் தாராளம். இரண்டு நாள் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு மெதுவாக ஓட்டுங்கள், அதில் ஒன்று நீளமாக இருக்கட்டும். மூன்றாவது நாள் மட்டும் கடுமை: 4 நிமிடம் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத அளவு ஏறி, 3 நிமிடம் லேசாக மிதித்து, இப்படி நான்கு தடவை. மூன்று நாளும் நடுத்தரமாக மூச்சு வாங்க ஓட்டுவதுதான் பலரும் செய்வது, அதில் களைப்பு சேருமே தவிர வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிடும். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் நேரத்தைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறையுங்கள். அந்த வாரம் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், உடம்பு பலப்படுவதே ஓய்வில்தான்.

அளந்து பார்க்க ஒரே ஒரு ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒரு முறை ஏறுங்கள். எங்கே கால் ஊன்றினீர்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, இதயத் துடிப்பு எவ்வளவு என்று குறியுங்கள். அதே நேரத்தில் ஏறி துடிப்பு குறைந்திருந்தால் அதுவும் முன்னேற்றமே. வெயில் கடுமையான நாளில் துடிப்பு கூடத்தான் செய்யும், அன்றைய கணக்கை வைத்து மனம் தளராதீர்கள்.

அப்புறம், தள்ள வேண்டி வருவதற்கு எப்போதும் மூச்சு மட்டுமே காரணம் இல்லை. செங்குத்து வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவில் மாற்றினால் செயின் திணறும், ஓட்டமும் நின்றுவிடும். சீட்டின் முன் நுனிக்கு நகர்ந்து நெஞ்சை ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்துங்கள், முன் சக்கரம் தூக்காது, பின் சக்கரத்திலும் பிடிப்பு இருக்கும். தெம்பு இருந்தும் பின் சக்கரம் வெறுமனே சுற்றுவதால் இறங்குகிறவர்கள் நிறைய உண்டு.

கேள்வி: ஒரு பாறை இறக்கத்தில் விழுந்தேன், காயம் ஆறிவிட்டது. அதே இடத்துக்கு வந்தாலே கை பிரேக்கை இறுக்கிவிடுகிறது. இந்த மாதத்துக்குள் அதை இறங்கிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறேன், சரியா?

பதில்: அந்த மாதக் கெடுவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பயத்தோடு பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் கல்லில் தட்டி நிற்கும், எடை முன்னால் போகும், பழையபடி அதே விழுதல்தான். அதே வடிவத்தில் பாதி உயரமுள்ள இறக்கத்தைத் தேடி, அலுப்புத் தட்டும் வரை இறங்குங்கள், பிறகு சற்றே பெரியது. குதிகாலைத் தாழ்த்தி, இரண்டு பிரேக்கிலும் ஒரு விரல் மட்டும் வைத்து, பார்வையைக் கல்லில் வைக்காமல் கல்லைத் தாண்டி வையுங்கள். அந்தப் பாறை இறக்கத்தை இப்போதைக்கு நடந்தே இறங்கி, எந்த வழியாகச் சக்கரம் போகும் என்று நின்று பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தபோது ஹெல்மெட்டில் அடி பட்டிருந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கித்தான் அடியைத் தாங்கும், நசுங்கியது பழையபடி ஆகாது.