கப்பா, கிராமா? பழ அளவுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ரெசிபியில் 1 கப் மாம்பழத் துண்டு என்று இருக்கிறது. எத்தனை கிராம்?

சுமார் 170 கிராம். நான் சொல்வது 250 மில்லி கப். அமெரிக்கக் கப் 240 மில்லிதான், ஆனால் பழத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. எப்படி நறுக்குகிறோம் என்பதுதான் பெரிது. பெரிய துண்டுகளுக்கு நடுவே காற்று நிறைய நிற்கும், பொடியாக நறுக்கினால் அதே கப்பில் கூடுதலாகப் பிடிக்கும். மசித்துவிட்டாலோ 250 கிராம் வரை வந்துவிடும். அதனால் 'நறுக்கியது', 'மசித்தது' என்ற சொல்லைத் தவறாமல் பாருங்கள். கடையில் வாங்கும்போது தோல், கொட்டை கழித்து எண்ணுங்கள். 1 கிலோ மாம்பழத்தில் 600 கிராம் போலச் சதை தேறும்.

கேள்வி: பனானா கேக்குக்கு 2 வாழைப்பழம் என்கிறார்கள். நான் ஏலக்கி போடலாமா?

தாராளமாகப் போடலாம், எண்ணிப் போடாதீர்கள். அந்த ரெசிபிகளில் வரும் பழம் தோல் உரித்த பிறகே 115, 120 கிராம் இருக்கும். ஏலக்கியில் அந்த இரண்டுக்கு ஈடாக ஐந்தாறு உரிக்க வேண்டும். மசித்து ஒரு கப் நிரப்புங்கள், சரியாக வரும்.

கேள்வி: ஜாமுக்குப் பழமும் சர்க்கரையும் சம அளவு என்றால், கப்புக்குக் கப் போடலாமா?

கூடாது. சம அளவு என்றால் சம எடை. ஒரு கப் பழக்கூழ் கிட்டத்தட்ட 250 கிராம், அதே கப்பில் சர்க்கரை 210 கிராம்தான். நாலு கப் கூழுக்கு நாலே முக்கால் கப் சர்க்கரை வேண்டும். கப்புக்குக் கப் போட்டால் சர்க்கரை குறைந்து, ஜாம் இறுகுவதும் சிரமம், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். ஜாம் போடுகிறவர்கள் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: தராசே இல்லை. ஆப்பிள் 200 கிராம் வேண்டும், என்ன செய்ய?

மில்லி கோடு போட்ட அகலமான ஜக் இருக்கிறதா? 500 மில்லி தண்ணீர் ஊற்றி ஆப்பிளை முழுதாக மெல்ல விடுங்கள், மிதக்கும். தண்ணீர் 680க்கு ஏறினால் அந்த ஆப்பிள் 180 கிராம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் தள்ளும், ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். கையால் அமுக்கிவிடாதீர்கள், ஜக்கின் பக்கத்திலும் சிக்கக் கூடாது. திராட்சை மூழ்கிவிடும், அதனால் காட்டும் மில்லியை விட எடை சற்றே கூடுதல். சமையலுக்கு அது பரவாயில்லை.

கேள்வி: திராட்சை, மாதுளை, பேரீச்சை?

ஒரு கப் திராட்சை 155, மாதுளை முத்து 180, நறுக்கிய பேரீச்சை 150 கிராம், எல்லாமே சுமார்தான். சாலட், கேசரி, கஸ்டர்டுக்கெல்லாம் இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

கேள்வி: புளியும் பழம்தானே? எலுமிச்சை அளவு என்றால் எவ்வளவு?

என் கையில் 25 முதல் 30 கிராம் வருகிறது, நெல்லிக்காய் அளவு என்றால் அதில் பாதி. கொட்டை, நார் எடுத்த புளிக்கு இந்தக் கணக்கு. கொட்டைப் புளி என்றால் கொஞ்சம் தாராளமாக எடுங்கள். பழைய புளி கறுத்துப் புளிப்பும் ஏறியிருக்கும், அதைக் குறைத்தே கரையுங்கள்.