வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று: தாய்மாரின் கேள்விகளும் பதில்களும்

மண்டபம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி வரைக்கும் கடற்கரை ஊர்த் தங்கைகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல பேருக்கு இது இரண்டாவது பிரசவம், மூத்தது இன்னும் கைப்பிள்ளைதான். பிரசவத்துக்குத் தயாராவது ஒரு வேலை, மூத்ததைக் கவனிப்பது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்ப்பதால்தான் பாதி மலைப்பு வருகிறது. முதல் வேலையிலேயே மூத்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவே அதற்குப் படிப்பு.

தங்கச்சிமடம்: சிஸ்டர், எனக்கு ஏழு மாதம். மூத்தவனுக்கு இரண்டே கால் வயது. பாப்பா வரப்போகிறது என்று எப்போது, எப்படிச் சொல்வது?

இப்போதே சொல்லுங்கள், ஆனால் மாதக்கணக்கு வேண்டாம். "இன்னும் இரண்டு மாதம்" என்பது அந்த வயதுக்குப் புரியாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த காலக்கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அப்பா வீட்டில் இருப்பார். "அப்பா மறுபடி போட்டுக்குப் போவார், அப்புறம் பாப்பா வரும்" என்றால் அவனுக்குப் பிடிபடும். உங்கள் தேதி வேறு மாதத்தில் விழுந்தால் கோவில் திருவிழாவோ கிறிஸ்துமஸோ, அவன் பார்த்து அனுபவித்த ஒன்றோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

"உன்கூட விளையாட தம்பி வருவான்" என்று மட்டும் ஆசை காட்டாதீர்கள். பிறந்த பிள்ளை விளையாடாது. அழும், பால் குடிக்கும், தூங்கும், அம்மா மடியைப் பிடித்துக்கொள்ளும். அதை அப்படியே சொல்லுங்கள். அவன் பிறந்தபோது எடுத்த போட்டோ போனில் இருக்குமே, காட்டி, "நீயும் இப்படித்தான் இருந்தாய், அம்மா இப்படித்தான் தூக்கி வைத்திருந்தேன்" என்று சொல்லுங்கள். இந்தக் கதை பிள்ளைகளுக்கு அலுக்கவே அலுக்காது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் அப்பத்தாவிடம் படுக்கப்போகிறான் என்றால் அந்தப் பழக்கத்தை இந்த மாதமே ஆரம்பியுங்கள். பாப்பா வந்த அன்றைக்கு அவனைத் தள்ளிப் படுக்க வைத்தால், தன் இடத்தைப் பாப்பா பிடுங்கிவிட்டது என்றுதான் நினைப்பான். வீட்டுக்கு வரும் அன்று சின்னதை வேறு யாராவது தூக்கி வரட்டும். உங்கள் இரண்டு கையும் அவனை அணைக்கக் காலியாக இருக்கட்டும்.

பாம்பன்: தீவில் இருக்கிறோம். பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்? எப்போது கிளம்ப வேண்டும்?

துணிமணியைவிட காகிதம் முக்கியம். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) எழுதிய தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். பிள்ளைக்குப் புதுத்துணி வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டி, சேலையைக் கிழித்து, மறுபடி துவைத்து வெயிலில் காயவைத்து மடித்து வையுங்கள். அந்த மடிக்கிற வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். கோணலாகத்தான் மடிக்கும், இருக்கட்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். முதல் பிரசவம் ஆபரேஷனாக இருந்தாலோ, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ரத்தசோகை என்று டாக்டர் சொல்லியிருந்தாலோ, கடைசி இரண்டு மூன்று வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. மற்றவர்கள் வலி எடுத்ததும் 108-ஐக் கூப்பிடலாம். பனிக்குடம் உடைந்தாலும், உதிரம் பட்டாலும், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலும், முகமும் கையும் வீங்கினாலும், பிள்ளையின் துடிப்பு குறைந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணி என்றாலும் கிளம்புங்கள். பிரசவம் முடிந்து தாயையும் பிள்ளையையும் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இருக்கிறது, காசு கிடையாது.

கீழக்கரை: சிஸ்டர், பிறந்ததும் தேன் தொட்டு வைக்க வேண்டும் என்று மாமி பிரியமாகச் சொல்கிறார்கள். மறுத்தால் மனம் நோகுமே?

தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பையே முடக்கிவிடும். சீனித் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எதுவுமே வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது.

மாமியிடம் நீங்கள் நேராக மறுக்க வேண்டாம் மா. அடுத்த செக்கப்புக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், நர்ஸ் வாயால் கேட்கட்டும். காதில் பாங்கு சொல்வது, பேர் வைப்பது, தலைமுடி இறக்குவது எல்லாம் பெரியவர்கள் கையாலேயே நடக்கட்டும். பிரியத்தைக் காட்ட அவர்களுக்கு வேறு வழி இருந்தால் தேனுக்காகப் பிடிவாதம் பிடிக்க மாட்டார்கள்.

வேதாளை: பால் ஊற பால்சுறா சாப்பிடச் சொல்கிறார்கள். மாசமாக இருக்கும்போதும் சாப்பிடலாமா?

பால்சுறா நம் கடற்கரையின் பழைய பத்தியச் சாப்பாடு, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் சொல்கிறேன், சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன். கடலில் இருக்கிற பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே போகும். அது வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஆகாது. அதனால் கர்ப்பத்தில் சுறா வேண்டாம், பால் கொடுக்கும்போதும் தவிர்ப்பதே நல்லது. சாளை, நெத்திலி, காரல் தாராளமாகச் சாப்பிடுங்கள். காரல் சொதி நம் பக்கத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வைப்பதுதானே! பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்பிக் குடிப்பதால்தான். ராத்திரியிலும் கொடுங்கள். ரத்தக் கொதிப்பு இருந்தால் கருவாட்டை நிறுத்திவிடுங்கள்.

மண்டபம்: நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். இரண்டரை வயது மகளுக்கு வீட்டில் என்ன சொல்லிக்கொடுப்பது? புத்தகம், பொம்மை ஒன்றும் கிடையாது. போனைக் கொடுத்தால்தான் சோறு இறங்குகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்டுகிறேன். உங்களிடம் இருக்கிற படிப்பு பல பேரிடம் கிடையாது. எந்தப் பாசி எந்தப் பாறையில் கிடக்கும், எந்தக் காற்றில் கடல் கலங்கும் என்று தெரிந்தவர் நீங்கள். அதைப் பேச்சாகக் கொடுத்தாலே போதும்.

வாசலில் நின்று, "இன்றைக்குக் கச்சான் அடிக்கிறதா, வாடை அடிக்கிறதா?" என்று கேளுங்கள். ஒரு துணியைப் பிடித்து எந்தப் பக்கம் பறக்கிறது என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். மீன் அலசும்போது பேர் சொல்லுங்கள்: இது நகரை, இது சூடை, இதற்கு மீசை இருக்கிறது, இதற்கு இல்லை. பெரியது இந்தச் சட்டியில், சின்னது அந்தச் சட்டியில். பின்னால் பள்ளிக்கூடத்தில் வரப்போகிற கணக்குக்கு அடிப்படை இந்தப் பிரிக்கிற வேலைதான். படி ஏறும்போது ஒன்று, இரண்டு, மூன்று. மாவு பிசைய, வெங்காயத் தோல் உரிக்க, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்ற விடுங்கள். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை. இப்படி உரமேறும் விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும்.

பேசும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பதில் வர நேரம் ஆகும். பெரியவர்கள் அவசரப்பட்டு நாமே சொல்லிவிடுகிறோம், பிள்ளை வாய் திறக்கிற வாய்ப்பு போய்விடுகிறது.

கரையில் பொறுக்கும் சிப்பி, சங்கு அருமையான விளையாட்டுச் சாமான். ஆனால் சோழி மாதிரி வாய்க்குள் அடங்குகிற எதையும் மூன்று வயது வரை தனியாகக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பவளக்கல் எடுத்து வரவே கூடாது, அது சட்டத்தில் தடை. பனையோலை கிடைத்தால் காற்றாடியோ கிலுக்கோ செய்துகொடுங்கள். பிறக்கப்போகும் பாப்பாவுக்கென்று அவளே ஒரு கிலுக்கு எடுத்து வைக்கட்டும்.

போன் விஷயம். இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சாப்பாட்டு நேரத்தில் நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று நாள் அரை வயிறாக எழுந்து போவாள், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பசித்தால் சாப்பிடுவாள். நீங்கள் பாசிக்குப் போகும் நேரத்துக்கு அங்கன்வாடியில் விடுங்கள், இரண்டு வயது முடிந்தவளைச் சேர்த்துக்கொள்வார்கள்.

தொண்டி: இரண்டரை வயதில் ஏபிசிடி எழுதப் பழக்கலாமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறது.

வேண்டாம். ஈர மணலில் விரலால் கோடு இழுக்கட்டும், வட்டம் போடட்டும். கதை சொல்லுங்கள், வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் தா" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் மட்டும் கவலைப்படுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்று வருடத்தைக் கடத்தாதீர்கள்.

பெரியபட்டினம்: பாப்பா பிறந்து ஒரு மாதம். மூத்தவள் அதைக் கிள்ளுகிறாள். படுக்கையில் மூத்திரம் போவது நின்றுபோயிருந்தது, அதுவும் திரும்பிவிட்டது.

இது கெட்ட புத்தி இல்லை மா, பயம். அம்மா தன் கையை விட்டுப் போய்விட்டாளோ என்ற பயம். அடிக்காதீர்கள், "இவ்வளவு பெரிய பிள்ளை" என்று வெட்கப்படுத்தாதீர்கள். துணியை மாற்றிவிட்டுச் சும்மா விடுங்கள், தானாகச் சரியாகும். சின்னது தூங்கும்போது கொஞ்ச நேரம் அவளுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் "பாப்பா தூங்குது, சத்தம் போடாதே" என்று சொல்லாதீர்கள், எல்லாத் தடைக்கும் பாப்பாதான் காரணம் என்று ஆகிவிடும். துணி எடுத்து வரச் சொல்லுங்கள், பாப்பாவுக்குப் பாட்டுப் பாடச் சொல்லுங்கள். ஆனால் இரண்டையும் தனியாக விட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாது.

திருப்பாலைக்குடி: வெயில் தாங்கவில்லை. மூன்று மாதப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தாகத்துக்கும் அதுவே போதும். அடிக்கடி கொடுங்கள், நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். நம் பக்கம் குழாய்த் தண்ணீர் வரும்போது டிரம், அண்டா என்று பிடித்து வைப்போம். நடக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அதையெல்லாம் இறுக்கி மூடுங்கள். அரை வாளித் தண்ணீரே தலைகுப்புற விழும் பிள்ளையின் உயிரை எடுக்கப் போதும்.

ராமேஸ்வரம்: அக்கா, நான் தகப்பன். கடலுக்குப் போகிறவன். இதில் நான் என்ன செய்வது?

தம்பி, நீங்கள் கேட்டதில் ரொம்பச் சந்தோஷம். மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதையும் ராத்திரி தூங்க வைப்பதையும் பிரசவத்துக்கு முன்னாலேயே உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடலில் இருக்கும்போது வலி வந்தால் யார் கூடப் போவது, யார் ரத்தம் கொடுப்பது, மூத்தது யார் வீட்டில் இருப்பது என்று பேசி முடிவு செய்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். மனைவி பேரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். ஒன்றரை மாதத்தில் போடும் தடுப்பூசிக்கு நீங்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். அந்தத் தேதியைப் போட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.