நோபிள் ஃபேமிலி

கேள்வி: பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளை பயோடேட்டா ஒன்றில் ‘நோபிள் ஃபேமிலி’ என்று போட்டிருக்கிறார்கள். நோபல் பரிசு வாங்கிய குடும்பமா என்று கேட்கிறார் என் மாமனார். இதற்கு என்னதான் அர்த்தம்?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அந்தப் பரிசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மாமனாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நோபல் என்பது டைனமைட் கண்டுபிடித்த ஸ்வீடன்காரர் ஆல்ஃபிரட் நோபலின் குடும்பப் பெயர். 1895-ல் அவர் எழுதிவைத்த உயிலின்படி 1901-லிருந்து கொடுத்துவருகிறார்கள். மேடையில் ‘நோபிள் பரிசு’ என்று முழங்குகிறவர்களைத் திருத்த முடியாது, விடுங்கள்.

நோபிள் என்றால் பழைய கணக்கில் பட்டமும் சலுகையும் பரம்பரையாக வரும் பிரபு வம்சம். உங்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரியை ஆண்டார்களே பிரெஞ்சுக்காரர்கள், அவர்களே 1790 ஜூனில் பரம்பரைப் பட்டங்களைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள் (அப்புறம் நெப்போலியன் புதிதாக ஒரு பிரபுக் கூட்டத்தை உண்டாக்கியது தனிக்கதை). நம் அரசியலமைப்பின் 18-வது பிரிவும், ராணுவ, கல்விப் பட்டங்களைத் தவிர வேறு பட்டம் எதையும் அரசு தரக்கூடாது என்கிறது. ஆக, அந்த வழியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வாய்ப்பில்லை.

வேதியியலிலும் நோபிள் உண்டு. சிப்காட் பக்கம் ஆர்கான் வெல்டிங் பட்டறை எதிலாவது எட்டிப் பாருங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி உருகும் இடத்தில் காற்று படாமலிருக்க அந்த வாயுவை விட்டுக்கொண்டே பற்றவைப்பார்கள், ஏனென்றால் ஆர்கான் எதோடும் லேசில் ஒட்டாது, உறவாடாது. பிரபுக்களும் அப்படித்தானே, அதனால்தான் ஆர்கான் வகையறாவுக்கு நோபிள் வாயு என்று பெயர். (அதே வம்சத்து செனானின் கௌரவம் 1962-லேயே போய்விட்டது, பிளாட்டினம் ஃபுளோரைடோடு கூட்டுச் சேர்ந்து!) தங்கமும் இதே ஜாதி, நோபிள் உலோகம். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்ந்தாலும் மூக்குத்திக்கு ஒன்றும் ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், நர்ஸ் வேலையை நோபிள் என்கிறோமே, அது நேர் எதிர்க் காரணத்துக்காக. வருகிறவர் யார், எந்தத் தெரு என்று கேட்காமல் தொட்டுத் துடைத்துக் கட்டுப்போடுகிறவருக்குத் தரும் மரியாதை அது. பிறப்பைச் சொல்வதில்லை, நடத்தையைச் சொல்வது.

பயோடேட்டாக்காரர்கள் எந்த அர்த்தத்தில் எழுதினார்கள் என்று என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்? போன் போட்டு, எத்தனை பவுன் எதிர்பார்க்கிறீர்கள் என்று சும்மா கேளுங்கள். பதிலுக்கு ஒரு எண் வந்தால், அவர்கள் சொன்னது உலோகத்தைத்தான்.