பெரட்டில் உங்கள் பேர்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 27. சுங்கை சிப்புட்காரன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்து, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 3 வருடம் இருந்தேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானதால் போன வருடம் ஊருக்கே வந்துவிட்டேன். செவ்வாய், வியாழன், சனி அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். மீதி நாளில் பக்கத்துத் தாமானில் ஒரு மோட்டார் பட்டறையில் கைவேலை. போன வாரம் ஒரு பழைய ஹோண்டா சி70-ஐ ராத்திரி 11 மணி வரை இருந்து ஓட வைத்தேன். கிடைத்தது 30 வெள்ளி. ஈப்போவில் இருக்கும் அண்ணன் மாதம் 300 வெள்ளி அனுப்புகிறார். கூடப் படித்தவர்கள் கே.எல்., சிங்கப்பூர் என்று செட்டிலாகிவிட்டார்கள். மனசு கேட்காமல் 650 வெள்ளி கட்டி ஒரு தன்முனைப்பு (மோட்டிவேஷன்) முகாமுக்குப் போனேன். நான்கு வட்டம் போட்ட தாளைக் கொடுத்து, நடுவில் உங்கள் வாழ்க்கையின் நோக்கத்தை எழுதுங்கள் என்றார்கள். எல்லாரும் எழுதினார்கள். என் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. நான் எதற்குத்தான் பிறந்தேன்?
- வெறுந்தாள்காரன், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, முதலில் அந்த நான்கு வட்டத்தைப் பேசிவிடுவோம். 650 வெள்ளி போனதில் எனக்கே வயிறு எரிகிறது. பிடித்தது, கைவந்தது, உலகத்துக்குத் தேவையானது, சம்பளம் கிடைப்பது; நான்கும் கூடுகிற இடம் இக்கிகாய், ஜப்பானியரின் பழைய ஞானம் என்றுதானே சொல்லியிருப்பார்கள்? வட்டங்களை வரைந்தவர் ஆண்ட்ரெஸ் சுசுனாகா என்ற ஸ்பெயின் நாட்டு ஜோதிடர். அவர் நடுவில் போட்டிருந்த சொல் 'நோக்கம்'. 2014இல் மார்க் வின் என்ற பிரிட்டிஷ்காரர் அதை எடுத்துவிட்டு 'இக்கிகாய்' என்று மாற்றினார். அவ்வளவுதான் கதை. ஜோதிடம் பார்க்க நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள், இதைவிட மலிவாக.

ஜப்பானியர் வாயில் அந்தச் சொல்லுக்கு இத்தனை பாரம் கிடையாது; வாழப் பிடிப்பைத் தருகிற எதுவும் இக்கிகாய்தான். பேரப்பிள்ளையும் இக்கிகாய்தான், தொட்டிச் செடியும் இக்கிகாய்தான். 1966இல் அதைப் பற்றியே ஒரு நூல் எழுதிய மியெக்கோ காமியா மனநல மருத்துவர். தொழுநோயாளர் இல்லத்தில் பணி செய்தவர். ஊரைவிட்டு ஒதுக்கப்பட்டவர்களிடம் போய், எதைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறீர்கள் என்று பார்த்தவர். சம்பளம், திறமை என்று வட்டம் போட அவர்களிடம் என்ன இருந்தது? நம் சுங்கை பூலோவிலும் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு வந்தது. உள்ளே இருந்தவர்கள் செடி வளர்த்து விற்றார்கள். இன்றைக்கும் கே.எல்.காரர்கள் பூச்செடி வாங்க அங்கே போகிறார்கள். 'என் வாழ்வின் நோக்கம் காகிதப்பூ' என்று அவர்களில் யாரும் தாளில் எழுதியிருக்க மாட்டார்கள்.

அதனால் உங்கள் வெறுந்தாள் எனக்குப் பிடித்திருக்கிறது. மளமளவென்று எழுதிக் கொடுத்தார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

ஆனால் உங்கள் திகைப்பு எனக்குப் புதிதில்லை. நானும் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கங்காணி பேர் வாசிப்பார். பேர் வந்தால் நிரை, அதாவது பால் வெட்ட வேண்டிய மர வரிசை, தெரியும்; நிரை தெரிந்தால் அன்றையப் பொழுது தெரியும். என் அம்மா 22 வருடம் அந்த வரிசையில் நின்றவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பால்மரங்களைச் சாய்த்த பிறகும் நாலரைக்கு எழுந்துவிடுவார். கோப்பி கலக்கிக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். பால்வெட்டும் கத்தியை எடுத்துத் தீட்டுவார், விரலால் கூர் பார்ப்பார், துணியில் சுற்றித் திரும்பவும் இறவாணத்தில் செருகுவார். வெட்டுவதற்கு மரம் இல்லை. இப்படி ஆறு மாதம். பிறகு ஃபேக்டரிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் கைப்பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். வருடம் முடியும்போது வீட்டில் ஏழு பிள்ளைகள். ஏம்மா ஒத்துக்கிட்டே என்று பின்னாளில் கேட்டேன். "சும்மா உக்காந்து கால் வீங்கிப் போச்சு, அதான்" என்றார்.

நாம் இரண்டு மூன்று தலைமுறையாகப் பேர் வாசிக்கப்பட்டே பழகியவர்கள். யாரும் வாசிக்காத காலையில் என்ன செய்வதென்று தெரிவதில்லை. நீங்கள் முகாமுக்குப் போனதுகூட, யாராவது என் பேரையும் நிரையையும் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான். கங்காணி வர மாட்டார், தம்பி.

அப்பாவைப் பார்த்துக்கொள்வதுதான் உன் பிறவிப்பயன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பிள்ளையின் கடமை, பாசம். தியாகம் என்று பெரிய பேர் வைத்தால், பின்னால் ஒருநாள் அவரிடமே வட்டி கேட்பீர்கள்.

அந்த சி70 விஷயம் வேறு. 30 வெள்ளி என்று குறைபட்டு எழுதியிருக்கிறீர்கள், சரி. 11 மணி வரை உங்களை யார் இருக்கச் சொன்னது? இதுதான் உங்கள் நோக்கம் என்று நான் சொல்ல வரவில்லை; சொன்னால் நானும் கங்காணி ஆகிவிடுவேன். அம்மா பால் வெட்டப் பழகியது சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, பட்டை மறுபடி சீராக வளராது. எப்படியும் விழப்போகிற மரத்தில் தப்பு செய்தால் யாருக்கும் நட்டமில்லை. ஊரில் இருக்கப்போகும் இந்த ஒன்றிரண்டு வருடத்தை அப்படிக் கிழட்டு மரமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஒத்துவந்தால் ஒரு வழி உண்டு. மலேசியத் திறன் சான்றிதழை, அதுதான் எஸ்.கே.எம்., முழுநேர வகுப்புக்குப் போகாமல் வேலை அனுபவத்தைக் காட்டியும் வாங்கலாம். பி.பி.தி. முறை என்பார்கள். செய்த வேலைக்கு ஆதாரம் திரட்டிக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். சி70-ஐப் பிரித்துப் போட்டிருந்தபோது படம் எடுத்தீர்களா? எடுத்திருக்க மாட்டீர்கள். இனி எடுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பட்டறையில் கூட்டம் சனிக்கிழமைதான் இருக்கும், அன்றைக்கு நீங்கள் டயாலிசிஸ் நிலையத்து நாற்காலியில் 4 மணி நேரம் போனைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். ஈப்போ என்ன கடல் கடந்தா இருக்கிறது? இன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு சனிக்கிழமையைக் கேளுங்கள். அப்படியானால் 300 வெள்ளியை நிறுத்திக்கொள்ளட்டுமா என்பார். அதுவும் வேண்டும், சனிக்கிழமையும் வேண்டும் என்று சொல்லுங்கள்.